விசுவாசமும் திருவருளும்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவார், அம்மதத்தினரே 'எம் கொள்கை இதுவே' என்று உடன்படும் வண்ணம் அதனை முதற்கண் எடுத்தோதுதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்துள் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை முன்னர் நிறுத்திப் பின்னர் மறுத்தமை சித்தாந்த நூல் பயில்வார் அறிந்ததே. கிறிஸ்து சமயம் அப்பதினான்கனுள் வாராதது. ஆகலின் அதன் கொள்கையை அவ்வாறு எடுத்தோதுங் கடமை பின்வந்தார்க்கே உரியதாயிற்று. அக்கடமை செவ்வனே நிறைவேறிற்றா என்பது ஆராயற்பாலது.

தொண்டைநாட்டுக் கடற்கரையிலே, இந்நாளில் அணுமின் நிலையத்தாற் பெயர்பெற்ற கல்பாக்கத்தை அடுத்துள்ளது சதுரங்கப்பட்டினம். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த வணிகர் அங்குப் பண்டகசாலை நாட்டித் துணி வாணிகம் நடாத்தினர், கோட்டையும் எழுப்பினர். அக்கோட்டையினுள் அவர்தம் கல்லறைகள் இன்றும் உள. அவர்கள் சார்ந்த சபை, தம் நாட்டு டோர்ட் நகரில் 1618, 1619-ஆம் ஆண்டுகளிற் கூடிய பேரவையின் முடிபை மேற்கொண்டது. ஆர்மீனியஸ் என்பாரைப் பின்பற்றியோர், இறைவன் அருளை மனிதன் ஏற்கவும் மறுக்கவும் வல்லன் என்றனர். பேரவையோ, இறைவன் தெரிந்துகொண்டார் மாட்டு அவ்வருள் தடுக்கலாகாதது என்றும், விசுவாசந்தானும் அவன் கொடையே என்றும் அறுதியிட்டது. தாயைத் தான் பற்றும் குரங்குக் குட்டியையும், தாயாற் கவ்வப்படும் பூனைக் குட்டியையும் உவமை காட்டி வைணவருள் வடகலையாரும் தென்கலையாரும் வழக்கிட்ட பொருளும் ஏறக்குறைய இதுவே.

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் சிலர் சிலகல் தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்துக்குச் சென்று, மலைச்சரிவிற் பல்லவர் குடைவித்த ஒருகல் மண்டபத்திலே தம் பெயர்களை வெட்டி வைத்தனர். மூவர் முதலிகளாற் பாடப்பெற்றதும், இறைவன் தமக்குக் காட்சி தந்ததாக மாணிக்கவாசகர் பதிகம் அருளியதும் ஆகிய தலம் அது. அருளே வீடு தருவது என்னும் சபையார், அருளே வீடு தருவது என்று பாடிய அடிகளின் குன்றில் ஏறி, பெயர் வெட்டி இறங்கினர்! வாணிகரிடத்து அதனின் மிக்கது எதிர்பார்த்தல் முறையன்று. அவர்கள் சபைக் குருமாருள், பழவேற்காட்டில் இருந்த ஆபிரகாம் ரொகேரியஸ் என்பார் பத்மநாபன் என்னும் அந்தணரை வினாவி இந்நாட்டுச் சமய வழக்கங்களை எழுதினார்; அந்நூல் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. அத்தகைய வினாதல் அருகியே நிகழ்ந்தது.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டது முதல் இரு சமயத்தாரும் ஒரே மொழியில் எதிர்ப்படலாயினர். 19-ஆம் நூற்றாண்டில் வழக்கு முற்றியது. ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்து உதவியவர். அவரே 1854-இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். அவரைப்போல் எதிரியின் நூலை வரிவரியாகக் கற்றவர் ஒரு சிலரே. ஏனையோர் பலர், 'விசுவசித்தால் வீடு' என்பதற்கு, 'ஒன்றை மெய்யென ஒப்புக்கொண்ட மாத்திரையே பாவம் போம்' என்று பொருள்கொண்டு எளிதின் நகைத்தனர். பாதிரிமாரும், சைவம் திருநீறும் விரதமும் தலயாத்திரையுமாகிய கிரியைகளால் வீட்டை விலைக்கு வாங்க முயல்வது என்றனர். இரண்டும் பிழை.

சுவிசேஷம் என்பது நற்செய்தி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு. செய்தி என்பது விதியன்று, நிகழ்ந்ததொன்றை அறிவிப்பது. இயேசு சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தார், அதனால் மனிதர் குற்றம் தீர்க்கப்பட்டது என்பதே அவர்கள் அறிவிக்கும் செய்தி. விசுவாசமாவது அச்செய்தியை அறிவினால் ஒப்புதல் மாத்திரமன்று; தன் செயலற்று இறைவன்மேல் முழுதும் சார்தல் என்பது லூத்தரின் துணிபு. நல்வினை வீட்டிற்குக் காரணமன்று, வீடுபெறுவான்பால் விளையும் பயன் என்பர். செயலில்லா விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் நிருபமும் அவர்கள் மறையில் உள்ளதே.

விசுவாசம் என்னும் சொல்லும் இடர் செய்தது. தமிழ் வழக்கில் அது தலைவன்மாட்டு ஊழியன் காட்டும் நன்றியுணர்வையும் குறிக்கும்; நாய்க்கும் அதனைச் சொல்வர். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதனை விடுத்து நம்பிக்கை என்றும், கிருபையை அருள் என்றும் பெயர்த்தது. நம்பு என்னும் உரிச்சொற்குத் தொல்காப்பியம் நசை எனப் பொருள் கூறுதலின், இச்சொல் பாதிரிமார் கருதிய பொருளுக்கு முன்னையதினும் அணுக்கமாயிற்று.

இனிச் சைவத்தின் நிலை. சரியை முதலியன வீட்டை வாங்கும் பொருளல்ல. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்துழிச் சத்திநிபாதம் நிகழும். அப்பரிபாகத்தை வருவிப்பதும் திரோதானமாய் உடன்நின்ற அவன் சத்தியே. மறைந்து நிற்பதும் வெளிப்படுவதும் ஓர் அருளே ஆதலின், உயிர் தன் முயற்சியால் அருளைப் பெற்றது என்று கூறச் சித்தாந்தத்தில் இடமில்லை. உமாபதி சிவனார் திருவருட்பயன் என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டமையும் நோக்குக.

ஆயின் வேற்றுமை யாது? அருளா செயலா என்பதன்று. நோய் யாது என்பதே. கிறிஸ்து சமயம் பாவத்தைப் பெரிதும் குற்றமும் கடனுமாகக் காண்கிறது. நீதிமானாக எண்ணப்படுதல் என்னும் அவர்தம் தொடர் வழக்குமன்றத்துச் சொல். குற்றம் மன்னிக்கத் தீரும். ஆணவமோ அநாதியே உயிரைப் பற்றிய திரவியம், செம்பிற் களிம்பு போல்வது. கண்ணிற் படலம் உண்டென்று அறிந்தமாத்திரையான் அது நீங்காது. மருத்துவன் கைவினை வேண்டும். படலத்தை மன்னித்தலும் பயனின்று. அதுபற்றியே சைவம் தீக்கையையும், ஆசிரியனாய் எழுந்தருளும் இறைவனையும், பல பிறவியினூடே நிகழும் பக்குவத்தையும் வேண்டிற்று. ஒருமுறை ஓரிடத்து நிகழ்ந்த மரணம் எல்லார் குற்றத்தையும் தீர்க்கும் என்பது ஆண்டுப் பொருந்தலாம், ஈண்டுப் பொருந்தாது. கிறிஸ்தவரும், மன்னிப்புப் பெற்றான் பின்னர்ப் பரிசுத்த ஆவியாற் படிப்படியே தூயனாக்கப்படுவான் என்று கூறுதலின், மாசுநீக்கம் அவர்க்கும் உடன்பாடே. முன்பின் வைப்பிலேதான் மாறுபாடு எனக் கூறுவார் உளர். அக்கூற்றும் எளிதில் தள்ளற்பாலதன்று. எனினும், அநாதி மலம் என்பதனை அவர் ஒருகாலும் உடன்படார்.

ஜி. யு. போப்பையர் தம் எண்பதாம் ஆண்டு நிறைவுற்ற 1900-இல் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஒல்லாந்தர் பெயர் வெட்டிய குன்றினைப் பாடிய அப்பதிகமும் அதனுள் அடங்கும். கிறிஸ்து சமயத்தை விடாமலே, மாணிக்கவாசகரின் அருளுணர்வை அவர் தம் சமயத்து அடியாரின் உள்ளத்தோடு வைத்து எண்ணினார்.

1995-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலே இரட்சிப்பு என்பதும் மீட்பு ஆயிற்று. மீட்டல், பகைவர் கவர்ந்த ஆநிரையை உரியவர் திரும்பக் கொள்ளும் கரந்தைத் திணைச் சொல். பசு பதிக்கே உரியது என்னுஞ் சைவர்க்கு அச்சொல்லில் வேற்றுமை தோன்றாது. ஆனால் அங்கே கயிற்றைப் பிடித்தவன் பகைவன். சித்தாந்தத்திலோ கயிறு பசுவின் கழுத்திலே என்றும் உள்ளது.