மழைக் கணக்கும் சிறுகணினியும்: சப்ரகமுவத் தோட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள பெருந்தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் தேயிலையையும் இறப்பரையும் பற்றிப் பேசுவர். கூலியையும் குடியுரிமையையும் பற்றிப் பேசுவர். மழை அப்பேச்சுகளில் வெறும் பின்னணியாகவே வந்து போகும். ஆயின் இம்மாகாணத்தில் மழை பின்னணியன்று. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றை நேர்முகமாக எதிர்கொள்ளும் தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளின் மலைச்சரிவுகளிலும் மழை மிகுதி. இம்மழையே இறப்பரை வளர்த்தது. இம்மழையே லயன்களின்மேல் மலையைச் சரித்தது. இதனை யார் அளந்தனர், எதற்காக அளந்தனர், அளந்த கணக்கு யார் கையில் இருந்தது என்பன வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள். தோட்டத்துப் பாடசாலை மாணவன் ஒருவன் தன் கையாலேயே மழைமானி ஒன்றைச் செய்து, உள்ளங்கையளவு கணினி ஒன்றின் வழியே அதனை இணையத்தோடு பிணைக்கக்கூடிய காலம் இது. அவ்வினாக்கள் இன்று புதிய பொருள் பெறுவதும் அதனாலேதான்.

மழையை அளக்கும் வழக்கம் மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் களஞ்சியத்தின் முன்னே மழையை அளக்கும் பாத்திரம் வைக்கப்பட வேண்டுமென விதிக்கின்றது. கொரியாவிலே செயோங் மன்னன் 1441ஆம் ஆண்டளவில் நாடெங்கும் ஒரே அளவான மழைமானிகளை வைக்கச் செய்தான். இவ்விரண்டிலும் மழைமானி நின்ற இடம் கவனிக்கத்தக்கது. ஒன்று களஞ்சியத்தின் வாயிலில் நின்றது. மற்றது அரச அலுவலகங்களின் முற்றங்களில் நின்றது. விளைச்சலையும் வரியையும் கணிக்க விரும்பியவனே மழையையும் அளந்தான். மழையில் நனைந்தவன் அளக்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களிலும் இதுவே நிகழ்ந்தது. தோட்டக் காரியாலயத்தின் முற்றத்திலோ துரையின் பங்களாத் தோட்டத்திலோ மழைமானி நடப்பட்டிருக்கும். காலை 8.30 மணிக்குக் கிளாக்கர் அதனைத் திறந்து, சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, அங்குலக் கணக்கில் பேரேட்டில் எழுதுவார். மாத முடிவில் அக்கணக்கின் பிரதி கொழும்புக்குப் போகும். 1907இல் அமைக்கப்பட்ட கொழும்பு வானிலை அவதான நிலையமும், அதன் வழிவந்த வானிலைத் திணைக்களமும் இந்நாட்டின் மழை வரைபடங்களை வரைவதற்கு இத்தகைய தோட்டப் பதிவுகள் பெரிதும் உதவின. மழைப் பதிவு நிலையங்களின் பட்டியலில் தோட்டங்களின் பெயர்கள் நிறைந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

இறப்பர்த் தோட்டத்தில் மழைக் கணக்குக்கு மற்றுமொரு பயன் உண்டு. மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால்வெட்ட இயலாது. வெட்டிய பாலும் சிரட்டைக்குள் விழாமல் பட்டை வழியே பரந்து வீணாகும். ஆகவே விடியற்காலை மழை, பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும் தொழிலாளியின் அன்றைய பெயரையே அழித்துவிடக் கூடியது. முழுப்பேரா, அரைப்பேரா, பேரே இல்லையா என்பது வானத்தைப் பொறுத்தது. அவ்வாறிருந்தும் அந்த வானத்தின் கணக்கு எழுதப்பட்ட பேரேட்டைத் தொழிலாளி புரட்டிப் பார்த்ததில்லை. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. காரியாலயத்து அலுமாரியில் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மழையின் கீழ் வாழ்ந்த சமூகத்துக்குத் தான் நனைந்த மழையின் எழுத்துப் பதிவு அந்நியமாகவே இருந்தது.

இந்த அந்நியத்தின் விலை மண்சரிவுகளில் வெளிப்பட்டது. 1989 ஜூனில் கேகாலை மாவட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவுகள் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தின. 1993 ஒக்டோபரில் இரத்தினபுரியின் ஹெலஉட மலை சரிந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாள்களில் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்தின் லயன் வீடுகளும் மண்ணுள் புதைந்தன. அரநாயக்கவின் பெயர் உலகெங்கும் பரவியது. களுபஹனவின் பெயரோ செய்தியின் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மீண்டும் வெள்ளத்தாலும் சரிவுகளாலும் தாக்குண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாடெங்கும் விளைத்த அழிவு நம் அனைவரின் நினைவிலும் இருப்பதால் அதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மண்சரிவு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவதில்லை. மண்ணுக்குள் நீர் ஊறி, மண்துணிக்கைகளின் பிடி தளர்ந்து, நீரின் பாரமும் சேர்ந்த பின்னரே சரிவு பெயர்கின்றது. எனவே எவ்வளவு மழை எவ்வளவு நேரத்தில் பெய்தது என்பதே முதன்மையான அறிகுறியாகும். 1984இல் தோன்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதனையே அடிப்படையாகக் கொண்டு எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்துவிட்டால், வெளியேறல் வேண்டும். இவை எவரும் மனத்தில் இருத்தக்கூடிய எளிய எண்கள். ஆனால் காலை 8.30க்கு ஒருமுறை அளக்கும் பேரேடு இவற்றுக்குப் போதாது. அரநாயக்க மலை சரிந்தது மாலை வேளையில். காலையில் எழுதிய எண் மாலைக்குள் பழங்கதையாகிவிடுகின்றது. மேலும் ஒரு மலையின் இருபுறமும் ஒரே அளவாக மழை பெய்வதில்லை என்பது தோட்டத்தில் வாழ்ந்தோர் நன்கறிந்ததே. பத்து மைல் தொலைவிலுள்ள நிலையத்தின் கணக்கு, லயனுக்கு மேலேயுள்ள சரிவின் கணக்காகாது. நிறுவனம் தானியங்கி மழைமானிகளைப் பல இடங்களில் நிறுவியுள்ளது உண்மையே. எனினும் ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஒன்று என்னும் நிலையை அரசினால் மட்டும் எய்த முடியுமெனத் தோன்றவில்லை.

இவ்விடத்திலேதான் சிறுகணினியின் வரலாறு நமது வரலாற்றோடு வந்து கலக்கின்றது. அதற்கு முன்னோடியாக ஈழத்து நிகழ்ச்சியொன்றையே கூறலாம். 1923இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பில் முதன்முதலாக வானொலிப் பரிசோதனை நடத்தியபோது, பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிப் பாகங்களைக் கொண்டே ஒலிபரப்பி உருவாக்கப்பட்டது. 1925 டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. இலங்கை வானொலியின் பெருமையைப் பேசும் நாம், அது பழைய பாகங்களைப் பொறுக்கி எடுத்துப் பொருத்திய சிலரின் கைவேலையில் பிறந்தது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. அக்கைவேலை தோட்டத்தை எட்டவில்லை. லயனுக்கு வானொலி பின்னாளில் வந்து சேர்ந்தது. அதுவும் கேட்பதற்குரிய பெட்டியாகவே வந்தது, திறந்து பார்ப்பதற்குரிய கருவியாக அன்று.

1981இல் இங்கிலாந்தில் ஏக்கோர்ன் நிறுவனம் பி.பி.சி.யின் கல்வித் திட்டத்துக்கெனச் செய்த கணினி பாடசாலைகளுக்குள் நுழைந்தது. அதனை இயக்கினால் வெறுந்திரையே தோன்றும். மாணவன் தானே கட்டளைகளை எழுதினாலன்றி அது எதுவும் செய்யாது. அவ்வாறு எழுதிப் பழகிய தலைமுறை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 2000களில் வந்த தலைமுறையோ கணினியைப் பயன்படுத்தத் தெரிந்தும் ஆக்கத் தெரியாததாய் இருந்தது. இக்குறையை உணர்ந்த எபன் அப்டனும் அவர்தம் தோழர்களும் 2009இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, 2012 பெப்ரவரி 29ஆம் திகதி ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியை விற்பனைக்கு விட்டனர். விலை 35 அமெரிக்க டொலர். அடையாள அட்டையளவான பலகை. அதன் ஓரத்தில் ஊசிபோன்ற முனைகள். முதலில் 26 முனைகள், 2014 முதல் 40. இம்முனைகளே அதன் சிறப்பு. சாதாரணக் கணினி விசைப்பலகையின் வழியே மனிதரோடு மட்டும் பேசும். இதுவோ மின்குமிழோடும், ஆளியோடும், வெப்பமானியோடும் நேரே பேசும்.

மழைமானியை எடுத்துக்கொள்வோம். 100 சதுர சென்ரிமீற்றர் வாய்ப்பரப்புள்ள புனல் ஒன்று. விட்டம் பதினொன்றேகால் சென்ரிமீற்றரளவு. அதன் கீழே ஏற்றப்பலகை போன்று இருபுறமும் மாறிமாறிக் கவிழும் சிறுகிண்ணம். 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தோபர் ரென் எண்ணிய அமைப்பே இது. 0.2 மில்லிமீற்றர் மழைக்குப் புனலில் விழும் நீர் 2 கன சென்ரிமீற்றர். அவ்வளவு சேர்ந்ததும் கிண்ணம் கவிழும். அதில் ஒட்டிய காந்தம் அருகிலுள்ள ஆளியை ஒரு கணம் மூடும். கணினியின் முனையில் ஒரு துடிப்புத் தோன்றும். ஆக 375 துடிப்புகள் 75 மில்லிமீற்றருக்கும், 500 துடிப்புகள் 100க்கும், 750 துடிப்புகள் 150க்கும் ஈடாகும். எச்சரிக்கை எண்கள் மூன்றையும் இவ்வாறு ஒரு பிள்ளையே எண்ணிவிடலாம். மருத்துவ ஊசிக்குழாயால் 100 மில்லிலீற்றர் நீரை மெல்ல ஊற்றி, 50 துடிப்புகள் வருகின்றனவா என்று பார்ப்பதே கருவியைச் சரிபார்க்கும் முறை.

செய்யத் தொடங்கியதும் பாடங்கள் வரிசையாக வரும். ஆளி மூடும்போது அதன் தகடுகள் சற்றே அதிர்வதால் ஒரு கவிழ்வு இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணப்படும்; ஒரு துடிப்பின் பின் சிறுபொழுது கண்ணை மூடிக்கொள்ளுமாறு கணினிக்குக் கட்டளையிட வேண்டும். இறப்பர்ச் சருகு புனலை அடைக்கும். வலை கட்ட வேண்டும். மரநிழலில் வைத்தால் அளவு பொய்க்கும். வெட்டவெளி தேட வேண்டும். பெருமழையில் முதலில் போவது மின்சாரம்; மின்கலம் வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால் நினைவு அட்டையிலுள்ள பதிவு பழுதுறுவதும் உண்டு. பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசி அலை கிட்டாதபோது கணக்கைத் தன்னிடமே சேர்த்து வைத்து, அலை கிடைத்ததும் அனுப்பும் வகையில் நிரல் எழுதப்பட வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் விலைக்கு வாங்கிய பெட்டியை மாட்டிவிட்டுப் போவோரால் நீண்டகாலம் கவனிக்கப்படுவதன்று. அங்கேயே வாழ்பவன் கற்றிருந்தாலன்றிக் கருவி ஒரு பருவமழையைத் தாண்டாது. கொடுக்கப்படும் கணினியை விட, கட்டக் கற்ற கணினியே தோட்டத்துக்கு வேண்டியது என்பது என் துணிபு.

மொழியும் விலையும் இரு தடைகள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு அருகிய தோட்டப் பாடசாலைகளில், இலத்திரனியல் பற்றிய தமிழ் விளக்கங்களும் அரிது. எனினும் பைதன் நிரல்மொழி, 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளிலேயே பெயரிட இடமளிக்கின்றது. ‘மழை’ என்றே ஒரு மாறிக்குப் பெயரிட்டு அதில் துடிப்புகளைக் கூட்டலாம். ஆங்கிலப் பேரேட்டைப் புரட்ட முடியாதவரின் பேரப்பிள்ளை தமிழிற் பெயரிட்டு மழையைக் கணக்கிடுவதை நான் சிறுசெய்தியாகக் கருதவில்லை. விலைத்தடை இதனினும் கடிது. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் அவ்வாண்டு நடுப்பகுதியில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. 7,000 ரூபாப் பலகை, 12,600 ரூபாவாயிற்று. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. பன்னிரண்டு நாள் கூலிக்கும் மேல். ஆகவே பாடசாலைக்கு ஒரு பலகைக் கணினியும், வெளியே மழையில் நிற்பதற்கு அதனினும் மலிவான நுண்கட்டுப்படுத்திகளும் என அமைப்பதே நடைமுறைக்கு உகந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் சுவிட்சர்லாந்து நிறுவனமொன்றோடு இணைந்து தெதுறு ஓயா வடிநிலத்தில் ஆர்டுயினோ என்னும் மலிவுப் பலகையைக் கொண்டு வானிலை நிலையங்களை அமைத்து, தரவுகளைத் தொலைபேசி வலையமைப்பு வழியே அனுப்பச் செய்தமை இதற்கு உள்நாட்டுச் சான்றாகும். தெதுறு ஓயாவில் இயன்றது களனி கங்கையின் தலைநீர்ப் பகுதியிலும் களு கங்கைக் கரையிலும் இயலாதென்பதற்குக் காரணமில்லை.

மாணவர் செய்த கருவியின் எண்ணை அதிகாரிகள் நம்புவரோ என்னும் ஐயம் எழலாம். அதற்குப் பழைய மழைமானியே விடை தரும். காரியாலய முற்றத்துக் கருவிக்கு அருகே புதிய கருவியையும் நட்டு, ஒரு தென்மேற்குப் பருவம் முழுவதும், மே முதல் செப்ரெம்பர் வரை, நாள்தோறும் காலை 8.30க்கு இரண்டின் எண்களையும் ஒரே பேரேட்டில் அடுத்தடுத்த நிரல்களில் எழுதிவர வேண்டும். வேறுபாடு எங்கே, எந்த அளவு மழையில் மிகுகின்றது என்பது அப்பக்கங்களிலேயே தெரியவரும். அதற்குக் காரியாலயத்து அலுமாரி முதலில் திறக்கப்பட வேண்டும்.