மோகூர் வேம்பும் எங்க அப்பத்தா வேம்பும்: ஒரு த்ரெட்

1. கப்பலூர்னா பலருக்கு டோல்கேட்டும் சிட்கோ தொழிற்பேட்டையும்தான் ஞாபகம் வரும். எனக்கு எங்க வீட்டு வாசல் வேப்பமரம். இப்போ அது இல்லை. 4 வருஷத்துக்கு முன்னாடி, கார் நிறுத்த இடம் வேணும்னு நாங்களேதான் வெட்டினோம். அதுல நான் கத்துக்கிட்டதையும், அதுக்குப் பின்னாடி இருக்கிற சுமார் 2000 வருஷக் கதையையும் சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2. வெட்டின அன்னைக்கு அப்பத்தா ஒண்ணும் பேசலை. அடுத்த வாரத்துல இருந்து சாப்பாடு குறைஞ்சுபோச்சு. ராத்திரி தூக்கம் இல்லை. நான் டாக்டராச்சே! பி.பி., சுகர், ஹீமோகுளோபின், தைராய்டுன்னு எல்லாம் பார்த்தேன். எல்லாமே வயசுக்குத் தக்கபடி சரியாத்தான் இருந்துச்சு. கடைசியில அவங்களே சொன்னாங்க: "உடம்புக்கு ஒண்ணுமில்லய்யா. உங்கப்பன் பொறந்த வருஷம் நான் வச்ச மரம். அதுவும் எனக்கு ஒரு பிள்ளைதான். வெட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

3. வயசானவங்க புலம்பல்னுதான் அன்னைக்கு நினைச்சேன். பிறகு நற்றிணையைப் புரட்டும்போது 172ஆம் பாட்டுல நின்னுட்டேன். சிறுமிகள் விளையாட்டா மணல்ல அழுத்தி வச்ச புன்னை விதை முளைச்சிடுது. பாலும் நெய்யும் ஊத்தி வளர்க்கிறாங்க. அம்மா அந்த மரத்தைக் காட்டி, "இது உங்களைவிட நல்லது, உங்களுக்குத் தங்கச்சி முறை" என்கிறாள். பெண் வளர்ந்த பிறகு, காதலனோட அந்த மர நிழல்ல நின்னு சிரிச்சுப் பேசவே கூச்சப்படுறா. தங்கச்சி முன்னாடி எப்படிப் பேசுறது?

4. எங்க அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. நற்றிணை தெரியாது. ஆனா அந்த அம்மா சொன்ன உறவைத்தான் அவங்களும் சொன்னாங்க.

5. இது வீட்டோட நின்ன விஷயமும் இல்லை. சங்ககாலத்துல ஒவ்வொரு குறுநில மன்னனுக்கும் ஒரு காவல்மரம் உண்டு. ஊரே பாதுகாக்கும். எதிரி படையெடுத்து வந்தா, அந்த மரத்தை வெட்டுறது அவனுக்குப் பெரிய வெற்றி. அதுல ஒரு மரம் நம்ம மதுரைப் பக்கத்து மரம்.

6. மோகூர் மன்னன் பழையன். அவனோட காவல்மரம் வேம்பு. மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடை தாண்டி இருக்கிற திருமோகூர்தான் அந்த மோகூர்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க. சேரன் செங்குட்டுவன் பழையனைத் தோற்கடிச்சு அந்த வேம்பை வெட்டினான். முரசு செய்யறதுக்கு ஏத்தபடி துண்டு போட்டு, யானைகளைப் பூட்டி இழுத்துட்டுப் போனான். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து இதைச் சொல்லுது. யானைகளைப் பூட்டின கயிறு, பெண்களோட கூந்தலைத் திரிச்சுச் செஞ்சதுன்னு அதன் பதிகம் சொல்லுது.

7. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கோட்டையைப் பிடிச்சாச்சு, மன்னனையும் ஜெயிச்சாச்சு. பிறகும் ஏன் ஒரு மரத்தைத் தேடிப் போய் வெட்டணும்? அந்த ஊர்க்காரங்க மனசு எதுல இருக்குன்னு எதிரிக்குத் தெரியும். தங்க மரமே எதிரியோட முரசா மாறி ஒலிச்சா, அதைவிடத் தோல்வி என்ன இருக்கு?

8. இந்தப் பாசத்துக்குக் கறுப்புப் பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. ஆத்துல மிதந்து வந்த ஒரு மாங்காயைத் தின்ன பெண்ணுக்கு, அது தன் மரத்துக் காய்னு மரண தண்டனை கொடுத்தான் நன்னன். 81 யானையும், அவள் எடைக்கு எடை பொன்னால் செஞ்ச பாவையும் தர்றோம்னு கெஞ்சியும் கேக்கலை. குறுந்தொகை 292 அவனைப் பெண்கொலை செஞ்சவன்னே சொல்லுது. மரம் அதிகாரத்தோட சின்னம் ஆயிட்டா, மனுஷ உயிர் மலிவாயிடும்.

9. டாக்டரா இன்னொண்ணும் சொல்லணும். சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டப்போ, அப்பத்தா அந்த மரத்து இலையிலதான் படுக்க வச்சாங்க. வாசல்ல வேப்பிலை தொங்கினா அக்கம்பக்கத்துல யாரும் வரமாட்டாங்க. தனிமைப்படுத்துற அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனா வேப்பிலை அம்மை வைரஸைக் கொல்லாது. அம்மை போட்டா டாக்டர்கிட்ட காட்டுங்க. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தான குழந்தைகள் பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவு இருக்கு. மரத்து மேல பாசம் வைங்க, மருந்து வேற விஷயம்.

10. அப்போ பாசத்தால உடம்புக்கு ஒண்ணுமே இல்லையா? 1984ல ரோஜர் உல்ரிச்ங்கிறவர் சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவுல பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒண்ணு. பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்ச 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியா மரம் தெரியும், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவங்க சீக்கிரம் வீடு திரும்பினாங்க, கடுமையான வலி மருந்தும் குறைவாவே தேவைப்பட்டுச்சு. சின்ன ஆய்வுதான், எல்லாத்தையும் நிரூபிச்சிடாது. ஆனா சும்மா தள்ளிவிடவும் முடியாது.

11. அப்பத்தாவுக்கு வந்ததுக்கும் ஒரு பேர் இருக்கு. ஆஸ்திரேலியாவுல நிலக்கரிச் சுரங்கத்தால உருமாறிப்போன ஹன்டர் பள்ளத்தாக்கு மக்களோட வேதனையைப் பார்த்து, கிளென் ஆல்பிரெக்ட்ங்கிற தத்துவ அறிஞர் அதுக்கு 'சோலாஸ்டால்ஜியா'ன்னு பேர் வச்சார். ஊரை விட்டுப் போனவங்களுக்கு ஊர் ஏக்கம் வரும். இது ஊரை விட்டுப் போகாமலே வர்ற ஏக்கம். நீங்க அங்கேயேதான் இருக்கீங்க, உங்க இடம்தான் உங்களை விட்டுப் போயிடுது.

12. நம்ம மாவட்டத்துலயே இதைப் பார்த்தோம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பர்ல தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்டுச்சு. அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தப்போ, ஊர் ஊரா மக்கள் ரோட்டுக்கு வந்தாங்க. 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு. அந்த மலையும் கண்மாயும் அவங்களுக்கு வெறும் நிலம்னா, அத்தனை பேர் வந்திருப்பாங்களா?

13. மோகூர் மரத்தை எதிரி வெட்டினான். எங்க மரத்தை நாங்களே வெட்டினோம், அதுவும் ஒரு காருக்காக. அது என்ன உறவுன்னு தெரிஞ்சுதான் செங்குட்டுவன் வெட்டினான். நாங்க தெரியாம வெட்டினோம். எது மோசம்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

14. இப்போ ஓ.பி.யில வயசானவங்க "தூக்கம் வரலை, சாப்பாடு பிடிக்கலை"ன்னு வந்தா, வழக்கமான கேள்விகளோட "வீட்டுல, தோட்டத்துல ஏதாவது மாறிச்சா?"ன்னும் கேக்கிறேன். வித்த நிலம், தூர்ந்த கிணறு, வெட்டின மரம்னு சிலர் சொல்ல ஆரம்பிச்சிடுறாங்க. அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லை. 5 நிமிஷம் காது கொடுத்துக் கேக்கலாம். நீங்களும் உங்க வீட்டுல கேளுங்க. சிரிச்சிடாதீங்க.

15. அப்பத்தா இப்போ நல்லா இருக்காங்க. கொல்லைப்பக்கம் ஒரு வேப்பங்கன்னு வச்சோம். தண்ணி நான்தான் ஊத்தணும்னு உத்தரவு. என் தோள் உயரம் வந்துடுச்சு. ஆனா வாசல் மரத்துக்காக அவங்க எங்களை இன்னும் மன்னிக்கலை. கேட்டா, "இது வேற, அது வேறய்யா"ங்கிறாங்க. அதுவும் நியாயம்தான்.

16. உங்க வீட்டு மரம் எது? யார் வச்சது? இப்போ இருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன். மரம் இன்னும் நிக்குதுன்னா, வச்சவங்களைக் கேக்காம அதுல கை வைக்காதீங்க.


கப்பலூர்ல இருந்து ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டர், எம்.பி.பி.எஸ்.