நீட் புத்தகத்துக்குக் காசில்லையா? ஒரு சின்ன வரலாறு

1/ கலசப்பாக்கத்துல பட்டு நெய்யற வீட்டுத் தம்பி ஒருத்தர் கேட்டார்: "டாக்டர், நீட் மெட்டீரியல் வாங்க வசதியில்ல. என்ன பண்றது?"

2/ 1984-ல் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு வந்தது. அதுக்கு அடிப்படை நம்ம பிளஸ் டூ பாடம்தான். 2007-ல் அதுவும் ரத்து. பிளஸ் டூ மார்க்கே போதும்னு ஆச்சு.

3/ 2017-ல் நீட். கேள்விகள் என்சிஇஆர்டி பக்கம். நம்ம பிள்ளைங்க கையில வேற புத்தகம். அந்த இடைவெளியிலதான் கோச்சிங் வியாபாரம் வளர்ந்தது.

4/ 2018-ல் பிளஸ் ஒன், 2019-ல் பிளஸ் டூ புத்தகங்கள் புதுசா வந்தன. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள்ஒதுக்கீடு.

5/ தம்பி, ரெண்டு பாடநூலும் நெட்டில் இலவச பிடிஎஃப். தமிழ் மீடியம்னா மாநிலப் புத்தகம் தமிழிலேயே இருக்கு. பயாலஜியில தொடங்குங்க: 720-ல் 360 மார்க் அதுக்குத்தான். அப்புறம் பழைய கேள்வித்தாள். காசு கொடுத்து வாங்கறதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.