பருவக்காற்று குறித்த நாள்

1805 பிப்ரவரி 5ஆம் நாள் இரவு பதினோரு மணி வாக்கில், இங்கிலாந்தின் தென்கரையில் வெய்மத் ஊரின் மணற்கரைக்கு இரண்டு மைலுக்குள்ளாகவே ‘ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி’ என்ற கப்பல் மூழ்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய மிகப் பெரிய கப்பல்களில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 1,460 டன். போர்ட்ஸ்மத்தை விட்டுக் கிளம்பி அது ஐந்தாம் நாள். போக வேண்டிய இடம் வங்காளம், அங்கிருந்து சீனா. கப்பலில் இருந்த நானூறு பேரில் 250 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இந்த விபத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பல் தலைவரின் பெயரோடு நின்றுவிடுவார்கள். அவர் ஜான் வேர்ட்ஸ்வொர்த், கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி. இலக்கிய வாசகர்களுக்கு அது போதுமான காரணந்தான். ஆனால் கப்பலோட்டத்தின் வரலாற்றைப் படிப்பவனுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. ஆங்கிலக் கால்வாயில் குளிர்காலப் புயல் எவ்வளவு கொடியது என்பது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, பிப்ரவரி முதல் தேதியில் ஏன் பாய் விரித்தார்கள்?

அதற்கான விடை நம் பக்கத்துக் கடலில் இருக்கிறது. இந்துமாக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை வீசும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பல் அந்தக் காற்றைப் பிடித்தால்தான் வங்காள விரிகுடாவுக்கும், பிறகு சீனக் கடலுக்கும் போக முடியும். பிந்தினால் எதிர்க்காற்று, ஒரு பருவமே வீண். திரும்பும்போதும் இதே கதை: சீனாவின் கான்டனில் தேயிலையை ஏற்றிக்கொண்டு ஜனவரி வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கிளம்ப வேண்டும். இங்கிலாந்திலிருந்து நம் கடலுக்கு வந்து சேர நாலைந்து மாதம், சிலசமயம் ஆறு. விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், சீனா போகும் கப்பல் ஐரோப்பாவை விட்டுக் கிளம்ப வேண்டிய காலம் நடுக்குளிர்காலத்தில் வந்து விழும். கீழைக் கடலின் காற்று வைத்த நாளில் மேலைக் கடலின் புயல் காத்திருந்தது. கம்பெனியின் வணிகம் முழுவதும் இந்த முரண்பாட்டின் மேல்தான் ஓடியது.

அபர்கவென்னியின் முந்தைய பயணமே இதற்குச் சான்று. 1804 பிப்ரவரி 15 அன்று, தேயிலையோடு சீனாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கப்பல்களை மலாக்கா நீரிணைக்கு அருகே பூலோ ஔராவில் பிரெஞ்சுத் தளபதி லின்வாவின் போர்க்கப்பல்கள் வழிமறித்தன. அணியின் தலைவர் நத்தானியேல் டான்ஸ் தம் சரக்குக் கப்பல்கள் சிலவற்றில் கடற்படைக் கொடியை ஏற்றிப் போர்க்கப்பல் வேடம் போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஏமாந்து பின்வாங்க, சரக்குக் கப்பல்களே அவர்களைத் துரத்தின. அந்த அணியில் ஜான் வேர்ட்ஸ்வொர்த்தின் கப்பலும் இருந்தது. ஆகஸ்டில் தாயகம் வந்து, பழுது பார்த்து, சரக்கேற்றி, மறுபடி பிப்ரவரியில் பயணம். ஓராண்டு சுழற்சியில் அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை.

தலைவருக்கும் அவசரம் இருந்தது. கம்பெனிக் கப்பலின் தலைவர் தம் சொந்தக் கணக்கில் சரக்கு கொண்டுபோய் விற்கலாம். சம்பளத்தைவிட அதுவே அவருக்குப் பெரிய வருமானம். தலைவராக ஜான் செய்த முதல் இரண்டு பயணங்களும் எதிர்பார்த்த ஆதாயத்தைத் தரவில்லை. வங்காளமும் சீனாவும் சேர்ந்த வழித்தடம் எல்லாவற்றிலும் கொழுத்தது. அது இம்முறை கையில் கிடைத்ததும், உறவினர் பணம், தம் பணம், கடன் என்று ஏறத்தாழ 20,000 பவுனை இந்த ஒரே பயணத்தில் போட்டிருந்தார். அண்ணன் வில்லியம், அக்கா டாரதி ஆகியோர் பணமும் அதில் உண்டு. கம்பெனியின் பங்காகச் சீனத் தேயிலைக்கு விலை கொடுக்க 62 பெட்டிகளில் வெள்ளி நாணயம். அதன் மதிப்பு சுமார் 70,000 பவுன்.

பிரெஞ்சுப் போர்க்காலமாதலால் தனியாகப் போக முடியாது. ‘வெய்மத்’ என்ற போர்க்கப்பலின் காவலில் மற்றக் கம்பெனிக் கப்பல்களோடு கிளம்பினார்கள். வானிலை கெட்டுக் காவல் கப்பல் கண்ணில் படாமல் போயிற்று. காற்று எதிராகத் திரும்பவே, போர்ட்லாந்து முனையைச் சுற்றி உள்ளே ஒதுங்குவது என்று முடிவாயிற்று. கரையோர வழிகாட்டியான பைலட் ஏறினார். முனைக்குக் கிழக்கே கடலடியில் ‘ஷாம்பிள்ஸ்’ என்ற நீண்ட திட்டு உண்டு, சரளையும் சிப்பித்தூளுமாக. முனையில் 1716 முதலே கலங்கரை விளக்குகள் எரிந்துவந்தன. திட்டு எங்கே இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மாலை ஐந்து மணி வாக்கில் காற்று திடீரென்று ஓய்ந்தது. புயலைவிட அந்த ஓய்வுதான் கெடுத்தது. பாயில் காற்றில்லாத கப்பலுக்குச் சுக்கான் பேசாது. வற்றத்தின் நீரோட்டம் அதைத் திட்டின் மேல் கொண்டுபோய்ப் போட்டது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடிவயிறு திட்டில் அறைபட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கப்பல் தானாக விடுபட்டது. வெய்மத் மணலில் ஏற்றிவிட்டால் உயிர் தப்பலாம் என்று ஓட்டினார்கள். பம்புகள் இறைத்ததைவிட உள்ளே வந்த தண்ணீர் அதிகம். அபாயப் பீரங்கி ஒலி கேட்டும் கரையிலிருந்து உதவி பெரிதாக வரவில்லை. அந்த அலையில் சிறு படகு என்ன செய்யும்? மாலுமிகள் சாராய அறைக்கு வந்து கேட்டதாகவும், கைத்துப்பாக்கியோடு வாசலில் நின்ற அதிகாரி கடைசிவரை கொடுக்க மறுத்ததாகவும் அந்நாளைய வெளியீடுகள் சொல்கின்றன. கப்பலின் சொந்தப் படகுகளை ஏன் நேரத்தில் இறக்கவில்லை என்ற வாதமும் அன்றே கிளம்பியது. முற்றிலும் தீராத வாதம் அது. ஆனால் கொந்தளிக்கும் கடலில் நானூறு பேருக்கு நடுவே ஒரு படகை இறக்குவது எப்படி முடியும் என்பதை மேசையருகே உட்கார்ந்து தீர்மானிக்கலாகாது.

மூழ்கிய இடத்தில் ஆழம் பத்துப் பன்னிரண்டு பாகந்தான். பாய்மரங்களின் உச்சி நீருக்கு மேலேயே நின்றது. பலர் கயிறுகளில் ஏறித் தொங்கினார்கள். குளிரில் கை விறைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழ, எஞ்சியவர்களைப் படகுகள் மீட்டன. தலைவர் பிழைக்கவில்லை. அவர் உடல் மார்ச் 20 அன்று கரையொதுங்கி, பக்கத்து வைக் ரீஜிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தம்பி கடமை தவறவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வில்லியம் பட்ட பாட்டுக்கு நண்பர் சார்லஸ் லாம்ப் உதவினார். லாம்ப் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்திலேயே எழுத்தராக இருந்தவர். பிழைத்த நான்காம் அதிகாரி தாமஸ் கில்பினிடம் கேட்டு எழுதினார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த கவிதைகளைப் பற்றி எழுத வேறு நூல்கள் இருக்கின்றன.

அந்நாளைய கணக்கின்படி கப்பலில் 32 சீனர்களும் இருந்தார்கள், பெரும்பாலும் ஊர் திரும்பும் மாலுமிகள். அவர்களுள் யார் பிழைத்தார், யார் போனார் என்று தலைவருக்காக நடந்தது போன்ற விசாரணை எதையும் நான் எங்கும் காணவில்லை. வெள்ளிப் பெட்டிகளின் கதை வேறு. ஜான் பிரெய்த்வெயிட் என்பவர் மூழ்கு கருவி கொண்டு 1807க்குள் 62 பெட்டிகளையும் எடுத்துக் கொடுத்தார்.

எதிர்க்காற்றில் கப்பல் ஏன் ஒதுங்க வேண்டியிருந்தது என்பதைச் சதுரப் பாயின் குறை தெளிவாக்கும். திசைகாட்டியின் முப்பத்திரண்டு பங்கில் ஆறு பங்குக்குள், அதாவது 67 பாகைக்கு அருகே, காற்றின் எதிர்முகமாக அது வர முடியாது. பக்கவாட்டு இழுப்பையும் சேர்த்தால் அதுவும் குறைந்துபோகும். காற்று கரையை நோக்கி வீசும்போது விரிகுடாவுக்குள் சிக்கிய கப்பல், கரையைவிட்டு எட்டிப்போக முடியாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னும் கொஞ்சம் நெருங்கும். போர்ட்லாந்துக்கு மேற்கே 29 கிலோமீட்டர் நீளச் செசில் கடற்கரை அப்படிப்பட்ட பொறி. 1824 நவம்பர் 23ஆம் நாள் பெரும்புயலில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பிய ‘கோல்வில்’ என்ற கப்பல் அங்கே எல்லாரோடும் அழிந்தது. அதே புயலில் ‘எபினேசர்’ என்ற சிறு கப்பலை அலை தூக்கிச் செசிலின் கூழாங்கல் மேட்டில் வைத்தது. பிறகு அதை மறுபுறம் இறக்கி மிதக்கவிட்டார்கள். யாரும் எதிர்பாராத அதிர்ஷ்டம் அது.

பால்டிக் வணிகத்தில் நடந்ததோ தாமதத்தின் கதை. 1811 நவம்பரில் வணிகக் கப்பல்களோடு ஸ்வீடனிலிருந்து புறப்பட்ட ஆங்கிலக் காவல் அணி வழியிலேயே அடிபட்டு, டிசம்பர் 24 அன்று ‘செயின்ட் ஜார்ஜ்’, ‘டிஃபென்ஸ்’ ஆகிய இரு போர்க்கப்பல்களை ஜட்லாந்துக் கரையில் பலி கொடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மரமும் சணலும் தாருமாகக் கப்பலுக்கு வேண்டிய பொருள்களே அந்த வணிகத்தின் சரக்கு என்பது வரலாற்றின் கோணல் சிரிப்பு.

கம்பெனி குளிர்காலத்தின் ஆபத்தை அறியாதது அல்ல. நம் சோழமண்டலக் கரையைப் பாருங்கள். அன்று துறைமுகமே இல்லாத சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டன. மசூலாப் படகுதான் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது. வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபர் நடுவில் கோட்டையின் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள்; டிசம்பர் நடுவில்தான் மறுபடி ஏற்றுவார்கள். இடையில் யாரும் இங்கே நங்கூரம் போடாதே என்பதே அதன் பொருள். இவ்வளவு எச்சரிக்கையான கம்பெனி, சொந்த ஊரின் கடலில் அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. விதித்திருந்தால் சீனத் தேயிலை ஓராண்டு பிந்தியிருக்கும். 1786 ஜனவரி 6 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த ‘ஹால்ஸ்வெல்’ வெய்மத் அமைந்த இதே டார்செட் கரைப் பாறையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகும் பயண நாள் மாறவில்லை.

மீட்பு முறைகள் மெல்லத்தான் வந்தன. கயிறு எறியும் பீரங்கியை மான்பி என்பவர் 1808இல் முதன்முதலாகப் பயன்படுத்தி யார்மத் கரையில் ஏழு பேரைக் காப்பாற்றினார். கப்பல் விபத்தில் உயிர் காக்கும் தேசிய நிறுவனம் 1824இல் தோன்றியது. ஷாம்பிள்ஸ் திட்டில் விளக்குக் கப்பல் நின்றது 1859இல். அதற்குள் இக்கதையின் அடித்தளமே மாறிவிட்டது: 1833 சட்டம் கம்பெனியின் சீன ஏகபோகத்தை முடிவுக்குக் கொண்டுவர, அது தன் கப்பல் வணிகத்தைக் கைகழுவியது. நீராவிக் கப்பலுக்குப் பருவக்காற்றிடம் நாள் கேட்க வேண்டிய தேவையும் குறைந்துகொண்டே வந்தது.