கலகம் செய்த வானதூதரிடம் நியாயம் இருந்ததா?

செப்டம்பர் 29. மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய அதிதூதர்களின் திருநாள். நம் வீட்டுப் பெரியவர்கள் வானதூதர் என்று சொல்லமாட்டார்கள், சம்மனசு என்பார்கள். சாத்தானைப் பசாசு என்பார்கள். மிக்கேல் சம்மனசு பசாசைக் காலில் மிதித்து, ஈட்டியை ஓங்கி நிற்கும் சுரூபத்தை நாம் சிறுவயது முதல் பார்த்து வந்திருக்கிறோம். அதைப் பார்த்து நாம் கேட்காத ஒரு கேள்வியை அண்மையில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவன் கேட்டுவிட்டான். "எல்லாரும் என்னை வணங்குங்கன்னு கடவுள் சொன்னார், ஒரு சம்மனசு மாட்டேன்னு சொல்லுச்சு. இதுல என்ன தப்பு? அநியாயத்தை எதிர்த்து நிக்கணும்னு நீங்கதானே சொல்லித் தர்றீங்க?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. மறைக்கல்வி ஆசிரியருக்குச் சங்கடம். ஆனால், இது சிரித்துத் தள்ளிவிடும் கேள்வி அல்ல. திருஅவையின் மாபெரும் மறைவல்லுநர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டி இருக்கிறார்கள். அவர்கள் நடந்த வழியில் நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

முதலில், இந்தக் கலகத்தின் கதை திருவிவிலியத்தில் எங்கே இருக்கிறது? நாம் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாகவே இருக்கிறது. சாத்தான் மின்னலைப்போல் விழக் கண்டதாக இயேசு சீடர்களிடம் சொல்கிறார். பேதுருவின் இரண்டாம் திருமுகமும் யூதாவின் திருமுகமும் பாவம் செய்த தூதர்களை ஓரிரு வரிகளில் குறிப்பிட்டுச் செல்கின்றன. திருவெளிப்பாட்டின் 12-ஆம் அதிகாரத்தில் மிக்கேலும் அரக்கப் பாம்பும் போரிடுகிறார்கள். விண்மீன்களுக்கு மேலே என் அரியணையை வைப்பேன் என்று இறுமாந்தவனைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி எசாயா 14-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அது உண்மையில் பாபிலோன் மன்னனைக் கேலிசெய்யும் பாடல். எசேக்கியேல் 28-ஆம் அதிகாரத்தில் வருவது தீர் நகரத்து மன்னன். அடிமேல் அடிவாங்கிய எளிய மக்களின் இறைவாக்கினர்கள், நாடுகளை மிதித்த அரசர்களைப் பார்த்துப் பாடியவை இவை. திருஅவைத் தந்தையர் அந்த அரசர்களின் முகத்திற்குப் பின்னால் வேறொரு முகத்தைக் கண்டார்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்: விவிலியத்தில் விண்ணேறத் துடிப்பவன் ஒடுக்கப்பட்டவன் அல்ல, ஒடுக்குகிறவன். பணிய மாட்டேன் என்ற சொல்லும் சாத்தானின் வாயில் வரவில்லை. எரேமியா 2-ஆம் அதிகாரத்தில், நன்றிமறந்த இஸ்ரயேல் மக்களின் பேச்சாகவே அது வருகிறது.

லூசிபர் என்ற பெயரும் அப்படித்தான். இலத்தீன் மொழியில் அது விடிவெள்ளியைக் குறிக்கும் சாதாரணச் சொல். எசாயாவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் பாபிலோன் மன்னன் விடிவெள்ளி என்று அழைக்கப்பட்டதால், பிற்காலத்தில் அது சாத்தானின் பெயராக ஒட்டிக்கொண்டது. பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படும் பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலத்தில், மறையாத விடிவெள்ளியாம் கிறிஸ்துவைக் குறிக்க இதே சொல்தான் வருகிறது. (இதைத் துண்டு வீடியோவாக்கி, திருஅவை சாத்தானை வணங்குகிறது என்று வாட்சப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்தால் பதறாதீர்கள்.)

4-ஆம் நூற்றாண்டில் லூசிபர் என்ற பெயரில் ஓர் ஆயரே இருந்தார் என்றால் நம்புவீர்களா? இத்தாலிக்கு மேற்கே உள்ள சார்தீனியா தீவில், கலியாரி நகரின் ஆயர் அவர். நம் மாணவனின் கேள்விக்கு இவருடைய வாழ்க்கையே பாதி பதில் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்நாளில் உரோமைப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியுஸ், கிறிஸ்து தந்தைக்கு இணையான கடவுள் அல்ல என்ற ஆரியுசின் தப்பறைக்கு ஆதரவாக இருந்தார். 355-ஆம் ஆண்டு மிலான் நகரில் ஆயர்களைக் கூட்டி, புனித அத்தனாசியுசைக் கண்டித்துக் கையெழுத்திடும்படி நெருக்கினார். பெரும்பாலோர் பணிந்தார்கள். லூசிபர் பணியவில்லை. நாடுகடத்தப்பட்டார். அங்கிருந்தும் வாய்மூடி இருக்கவில்லை. நம்பிக்கையைக் கைவிட்ட அரசர்களைப் பற்றியும், கடவுளுக்கு எதிராகக் குற்றம் செய்கிறவர்களை விட்டுவைக்கலாகாது என்றும் பேரரசருக்கே நூல்களை எழுதினார். உலகத்தின் கண்ணில் அது கலகம். திருஅவையின் கண்ணில் அது நம்பிக்கையின் சாட்சியம். ஆகவே, நேயர்களே, கலகம் என்ற ஒரே காரணத்திற்காகத் திருஅவை யாரையும் சபித்ததில்லை.

361-இல் பேரரசர் இறந்தார். நாடுகடத்தப்பட்டவர்கள் திரும்பினார்கள். இப்போது வேறொரு சிக்கல். அச்சத்தில் கையெழுத்திட்ட ஆயர்களை என்ன செய்வது? யாரை விட்டுக்கொடுத்து அவர்கள் கையெழுத்திட்டார்களோ அதே அத்தனாசியுஸ், 362-இல் அலெக்சாந்திரியாவில் ஒரு சங்கத்தைக் கூட்டி, தப்பறையைக் கைவிட்டு மனம்திரும்பியவர்களை ஏற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்தார். லூசிபர் மாட்டேன் என்றார். பாடுபட்டது நாங்கள், பதவியில் இருந்தது அவர்கள், இப்போது அவர்களும் நாங்களும் ஒன்றா என்ற கசப்பு அவருக்கு. அதற்குள் அந்தியோக்கியா சென்று, அங்கே ஒரு தரப்பாருக்குத் தன் விருப்பப்படி ஆயரைத் திருநிலைப்படுத்தி, ஏற்கெனவே இருந்த பிளவை ஆழப்படுத்திவிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் தனிக்கூட்டமாகப் பிரிந்தார்கள். அவர்களுக்கு எதிராகப் புனித எரோணிமுஸ் ஓர் உரையாடல் நூலையே எழுதினார்.

ஒரே மனிதர், ஒரே பிடிவாதம். முதல் முறை, அநீதிக்கு முன் மாட்டேன் என்றார். இரண்டாம் முறை, இரக்கத்துக்கு முன் மாட்டேன் என்றார். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் நம் கேள்வியின் விடை இருக்கிறது.

சாத்தானின் கலகத்திற்குக் காரணம் தேடிய பழங்கதைகளை இப்போது திறந்து பார்ப்போம். ஆதாம் ஏவாள் வாழ்க்கை என்றொரு பழைய நூல் உண்டு, விவிலியத்தில் சேராதது. கடவுளின் சாயலான ஆதாமுக்கு வணக்கம் செலுத்தும்படி மிக்கேல் அழைக்கிறார். எனக்குப் பின்னால் படைக்கப்பட்டவனை நான் வணங்குவதா என்று சாத்தான் மறுக்கிறான். திருக்குர்ஆனிலும் இதற்கு நெருக்கமான நிகழ்ச்சி வருகிறது. நெருப்பால் ஆன இப்லீசு, களிமண்ணால் ஆன ஆதாமுக்குப் பணிய மறுக்கிறான். 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜ் போன்ற சூஃபி ஞானியர் இதில் ஒரு துயரக் காதலைக்கூடக் கண்டார்கள்: கடவுளைத் தவிர வேறு எவர்முன்னும் தலைகுனியாத பக்தன் அல்லவா இவன் என்று. சாத்தானுக்காக மனிதர் பேசிய வாதங்களில் இதைவிட உயர்ந்ததை நாம் அறியோம். ஆனாலும், நான் உம்மை அன்புசெய்கிறேன், நீர் அன்புசெய்வதை மட்டும் ஏற்கமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அந்த அன்பை நாம் என்னவென்று அழைப்போம்?

இயேசு சபை இறையியலார் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் (1548-1617) இன்னும் ஒரு படி முன்னே போனார். இறைமகன் மனித இயல்பை எடுக்கப்போகிறார் என்று தூதர்களுக்கு வெளிப்படுத்தப்பட்டது. அந்த மாண்பு தனக்குக் கிடைக்காமல் மண்ணுக்குக் கிடைப்பதா என்பதே லூசிபரின் கலகம் என்றார். இது இறையியலார் ஒருவரின் கருத்தே தவிர, திருஅவையின் கட்டாயப் போதனை அல்ல. ஆனால், பழங்கதையும் பெரும் அறிஞரும் ஒரே இடத்தில் விரலை வைப்பதைக் கவனியுங்கள். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்து எழுந்த கலகமாக ஒருவரும் இதைச் சொல்லவில்லை. தன்னைவிடக் கீழானவருக்குக் காட்டப்பட்ட தாராளத்தைப் பொறுக்காத கலகமாகவே சொல்கிறார்கள். திராட்சைத் தோட்டத்தில் காலையிலேயே வந்த வேலையாள்கள் கூலி குறைந்ததற்காகவா முணுமுணுத்தார்கள்?

கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம். நார்மண்டியில் உள்ள பெக் என்ற மடத்தில், 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புனித ஆன்செல்ம் அலகையின் வீழ்ச்சி பற்றி ஒரு நூல் எழுதினார். ஆசிரியரும் மாணவரும் பேசும் வடிவில் அமைந்தது அது. அந்த மாணவர் நம் வகுப்பு மாணவனுக்குச் சற்றும் இளைத்தவர் அல்ல. எல்லாமே கடவுள் கொடுத்ததுதான் என்றால், நிலைத்துநிற்கும் வரத்தை அந்தத் தூதனுக்குக் கடவுள் கொடுக்கவில்லை என்றுதானே ஆகிறது. கொடுக்காததை வைத்திருக்கவில்லை என்று தண்டிப்பது நியாயமா என்று மடக்குகிறார். ஆன்செல்ம் அவரை அதட்டவில்லை. கடவுள் கொடுக்க முன்வந்தார், அவன்தான் பெற்றுக்கொள்ளாமல் விட்டான் என்கிறார். நன்மையை நாடும் ஆசை, நீதியை நாடும் ஆசை என்று இரண்டு அவனுக்கு இருந்தன. முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டான். ஏன் கைவிட்டான் என்று மாணவர் விடாமல் கேட்கிறார். அவன் அப்படி விரும்பினான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்பதே ஆசிரியரின் கடைசி விடை. புனித அகுஸ்தினாரும் இதே சுவரில் வந்து நின்றவர்தான். தீய விருப்பத்திற்குக் காரணம் தேடுவது, இருளைக் கண்ணால் காணவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போன்றது என்றார். காரணமே இல்லாத ஒன்றுக்கு எப்படி நியாயம் கற்பிப்பது?

ஆன்செல்ம் அதிகாரத்துக்கு ஜால்ரா போட்டவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பின்னர் கேன்டர்பரி பேராயரானபோது, இங்கிலாந்து மன்னர்கள் இருவரை அடுத்தடுத்து எதிர்த்து, இருமுறை நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்தவர் அவர்.

சாத்தான் எப்போது வீரனாக மாறினான்? அதற்கு இங்கிலாந்துக் கவிஞர் ஜான் மில்டனிடம் போகவேண்டும். 1649-இல் மன்னர் முதலாம் சார்லசின் தலை துண்டிக்கப்பட்டபோது, அதை ஆதரித்து எழுதியவர் மில்டன். 1660-இல் மன்னராட்சி திரும்பியது; அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன, அவரும் சிறிதுகாலம் சிறையில் இருந்தார். பார்வையிழந்த அந்தத் தோற்றுப்போன புரட்சியாளர் 1667-இல் வெளியிட்ட காவியமே இழந்த சொர்க்கம். அதில் சாத்தான் பேசும் விடுதலைப் பேச்சு எவரையும் கிளர்ந்தெழச் செய்யும். மில்டன் தன்னையறியாமல் சாத்தானின் கட்சிக்காரர் ஆகிவிட்டார் என்று பிற்காலத்தில் வில்லியம் பிளேக் எழுதினார். ஆனால், காவியத்தின் நான்காம் பகுதியைப் படிப்பவர்கள் ஒன்றைக் காண்பார்கள். கேட்பார் யாருமில்லாமல் தனித்திருக்கும்போது, கடவுள் தனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, அவருக்குப் பணிசெய்வது கடினமாகவும் இருக்கவில்லை என்று சாத்தானே ஒப்புக்கொள்கிறான். நன்றிக்கடன் என்ற எண்ணமே அவனுக்குத் தாங்கமுடியாத சுமையாக இருந்திருக்கிறது. மேடையில் விடுதலை பேசுகிறவன், தனிமையில் இதைத்தான் சொல்கிறான். கொடுங்கோல் மன்னனை எதிர்ப்பதில் நியாயம் கண்ட மில்டனே, சாத்தானின் கலகத்துக்கு அந்த நியாயத்தைக் கடன்கொடுக்கவில்லை.

இங்கே நாம் நம் நெஞ்சிலும் அடித்துக்கொள்ளவேண்டும். 1869-ஆம் ஆண்டு டிசம்பர் 8, முதல் வத்திக்கான் பொதுச்சங்கம் தொடங்கிய அதே நாளில், பொலோஞா நகரத்து நாளிதழ் ஒன்று கவிஞர் கார்துச்சியின் சாத்தான் துதிப்பாடலை மறுபடியும் வெளியிட்டது. சிந்தனை விடுதலைக்கும் முன்னேற்றத்துக்கும் சாத்தானை அடையாளமாக்கிய பாடல் அது. அன்று திருத்தந்தையர் நாட்டரசர்களாகவும் இருந்தார்கள். சிறையும் தணிக்கையும் திருஅவையின் பெயரால் நடந்தன. கடவுளின் பெயரைச் சொல்லி ஆட்டிப்படைப்பவர்களைக் கண்டவர்களுக்கு, கடவுளை எதிர்த்தவன் நல்லவனாகத் தோன்றியதில் வியப்பில்லை. இன்றும் வீட்டிலோ பங்கிலோ நிறுவனத்திலோ நியாயம் கேட்பவரைப் பார்த்து, லூசிபரின் அகங்காரம் உனக்கு என்று வாயடைப்பவர்கள் உண்டு. நியாயம் கேட்பது லூசிபரின் வழி என்றால், சோதோமுக்காகக் கடவுளிடம் பேரம்பேசிய ஆபிரகாம் யார்? தன் பிறந்த நாளையே சபித்து, கடவுளை வழக்குக்கு அழைத்த யோபு யார்? யோபு கடவுளிடம் கத்தினார். ஆனால், கடவுளை விட்டு எழுந்துபோகவில்லை. இறுதியில் சரியாகப் பேசியவர் யோபுதான் என்று கடவுளே சொன்னார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்களைத்தான் கடிந்துகொண்டார்.

அந்த மாணவனிடம் இவற்றில் பாதியைத்தான் ஆசிரியரால் சொல்ல முடிந்தது. ஊதாரி மகனின் அண்ணன் வீட்டுக்குள் வரமறுத்து வெளியே நின்ற கதையோடு முடித்தாராம். பையன் விடவில்லை. "அந்த அப்பா வெளியே வந்து அண்ணனைக் கெஞ்சினாரே, கடவுள் சம்மனசைக் கெஞ்சலையா?"

3-ஆம் நூற்றாண்டில் அறிஞர் ஓரிஜன் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணினார். படைப்பு அனைத்தும், அலகைகூட, ஒருநாள் கடவுளிடம் திரும்பலாம் என்ற அந்தச் சிந்தனையைத் திருஅவை 6-ஆம் நூற்றாண்டில் ஏற்க மறுத்தது. ஆனால், அலகை இயல்பிலேயே தீயவன் என்று சொன்னவர்களையும் அது ஏற்கவில்லை. கடவுள் அவனை நல்லவனாகவே படைத்தார், தானாகவே அவன் தீயவன் ஆனான் என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. அவனுடைய பாவம் மன்னிக்கப்படாததற்கு கடவுளின் இரக்கத்தில் எந்தக் குறையும் காரணமல்ல என்று இன்றைய மறைக்கல்வி ஏட்டின் 393-ஆம் எண் சொல்கிறது. அவன் எடுத்த முடிவு மாற்றிக்கொள்ள முடியாத முடிவு. நம்மைப்போல் அரைகுறை அறிவோடு தடுமாறி எடுத்ததல்ல, முழுத் தெளிவோடு எடுத்தது. நமக்கோ இன்னும் காலம் இருக்கிறது. அண்ணன் வாசலுக்கு வெளியே நிற்கும்போதே லூக்கா கதையை நிறுத்திவிடுகிறார்.