அழிவு நம் தலைவிதியா?

மனிதன் படைக்கப்படுவதற்கு முன்பே அவனைப் பற்றிய அச்சம் வானுலகில் எழுந்தது. பூமியில் குழப்பம் செய்து இரத்தம் சிந்தக்கூடியவனையா அங்கு ஏற்படுத்தப் போகிறாய் என்று வானவர்கள் இறைவனிடம் வினவியதை அல்பகரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. மனிதன் இரத்தம் சிந்தவே மாட்டான் என்று அல்லாஹ் மறுமொழி கூறவில்லை. அவர்கள் அறியாததைத் தான் அறிவதாகக் கூறினான். வானவர்களின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆயினும் அந்த அச்சம் மனிதனைப் பற்றிய இறுதித் தீர்ப்பாகிவிடவில்லை.

இன்று போர்ச் செய்திகளைக் கைப்பேசியில் காணும் நம் பிள்ளைகள், 'உலகமே அழியப் போகிறதாமே, பிறகு எதற்கு ஓத வேண்டும், படிக்க வேண்டும்?' என்று கேட்கின்றனர். பெரியவர்களுள் சிலரோ, 'எல்லாம் தக்தீர்' என்று கூறிப் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். இவ்விரு பேச்சுக்கும் வரலாற்றில் விடை உண்டு.

கி.பி. 1219 இல் தாத்தாரியர் எனப்படும் மங்கோலியர் குவாரிஸ்ம் நாட்டின்மீது படையெடுத்தனர். மறு ஆண்டே புகாராவும் சமர்கந்தும் வீழ்ந்தன. அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர், இக்கொடுமைகளைப் பதிவு செய்ய மனம் வராமல் சில ஆண்டுகள் எழுதுகோலைத் தொடாதிருந்தார். உலகம் முடியும் வரை இத்தகைய பேரிடரை மனிதர்கள் மீண்டும் காணமாட்டார்கள் என்றே அவர் கருதினார். அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1258 பிப்ரவரியில், ஹுலாகுவின் படை பக்தாதைச் சூறையாடிக் கலீஃபா முஸ்தஃஸிமைக் கொன்றது. அன்று வாழ்ந்தோர்க்கு அது உலக முடிவாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் உலகம் முடியவில்லை. 1260 இல் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் மம்லூக் படை மங்கோலியரைத் தோற்கடித்தது. 1295 இல் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் காஸான் இஸ்லாத்தைத் தழுவினார். பக்தாதை அழித்தவரின் வழித்தோன்றல், அந்நகரத்தாரின் மார்க்கத்தையே ஏற்றுக்கொண்டார். அந்நாளில் நம்பிக்கை இழந்தோர் எவரும் இதனைக் கற்பனையும் செய்திருக்க இயலாது.

இங்கு ஒரு வினா எழும். வாளுக்கு எல்லை உண்டு. வீசும் கை ஓய்ந்துவிடும். ஆனால் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் வீசப்பட்ட குண்டுகளுக்குப் பின், ஊர்களையும் நாடுகளையும் ஒரே நாளில் அழிக்கும் வலிமையை மனிதன் அடைந்துவிட்டான். 1980களின் நடுவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. பழைய வரலாறு இதற்கும் பொருந்துமா?

1983 செப்டம்பர் 26 நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்ததைக் காண்போம். மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள கண்காணிப்பு நிலையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற சோவியத் அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கணினி அறிவித்தது. முதலில் ஒன்று, பின்னர் மொத்தம் ஐந்து. அதனை உண்மைத் தாக்குதலென மேலிடத்திற்கு அவர் அறிவித்திருந்தால், பதிலடிக்கான ஆயத்தங்கள் தொடங்கியிருக்கும். பெருந்தாக்குதல் தொடுப்பவர்கள் வெறும் ஐந்து ஏவுகணைகளோடு நிறுத்துவார்களா என்று அவர் சிந்தித்தார். இது கருவியின் கோளாறு என்றே மேலிடத்திற்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையெனக் காட்டிவிட்டது என்பது பின்னர் தெளிவாயிற்று.

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தப் பண்பே அன்று கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதன்பின் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. குண்டுகளின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 12,000 ஆகக் குறைந்துள்ளது. எஞ்சியவையும் பேரழிவுக்குப் போதுமானவை. எனினும், மனிதக் கைகள் பெருக்கியதை மனிதக் கைகளால் குறைக்கவும் இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

'தக்தீர்' என்று கூறி அமர்ந்துவிடுவோர்க்கு உமர் (ரலி) அவர்களின் செயலே விடையாகும். அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற அவர்கள், ஸர்ஃக் என்னுமிடத்தில் நோய் பரவிய செய்தியை அறிந்து, தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். செழித்த கரையும் வறண்ட கரையும் கொண்ட பள்ளத்தாக்கில், ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே நிகழ்கிறது என்றும் விளக்கினார்கள். கரையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மேய்ப்பவனைச் சார்ந்தது.

கியாமத் நாள் வரும் என்பது நம் ஈமான். அதன் நேரத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் மனிதர் மனிதரைக் கொன்று குவிப்பது நம் செயல். அதற்கு நாம் கேள்வி கணக்குக் கொடுக்க வேண்டும். கியாமத்தைக் காரணம் காட்டி இதனின்றும் விடுபட முடியாது.

எனவே நம் பிள்ளைகளுக்கு இவ்வாறு கூறுவோம்: கியாமத் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆகவே ஓதுங்கள், படியுங்கள். பகையை மூட்டும் செய்தி கைப்பேசிக்கு வந்தால், பெத்ரோவைப் போல் ஒரு கணம் நின்று சிந்தியுங்கள்; உறுதியாகத் தெரியாததைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பெருந்தீயைத் தடுக்கும் பழக்கம் இச்சிறு செயல்களில்தான் உருவாகிறது.

செழித்த கரையைத் தேர்ந்தெடுக்கும் அறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.