கட்டைக்கால் இடையர்களும் ஊர்ப் பொது நிலமும்

சிறு வயதில் நாங்கள் படித்த பிரெஞ்சு பூகோளப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஆட்டுத்தோல் போர்த்திய ஓர் இடையன், உயரமான இரண்டு கட்டைக்கால்களின் மேல் நின்றபடி காலுறை பின்னிக்கொண்டிருப்பான். சுற்றிலும் ஆடுகள். கீழே ‘லாந்த் பிரதேசத்து இடையன்’ என்று எழுதியிருக்கும். பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. ‘இப்போது அங்கே இடையர்கள் கிடையாது, பைன் காடுதான்’ என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஏன் கிடையாது என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அங்கும் இங்கும் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த இடையனின் கதை முடிந்த இடம் ஊர் மேரியின் கூட்ட அறை என்று.

கொம்யூன் என்ற சொல்லை நம் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணையின்படி இங்கும் கொம்யூன்கள் வந்தன. இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் எழுதுகிறோம். பிரான்சில் அந்தக் கொம்யூனுக்கென்று சொத்து உண்டு. மேய்ச்சல் தரை, தோப்பு, சதுப்பு, ஆலை, கட்டடம் எல்லாம் அதில் அடங்கும். இந்தச் சொத்து யாருடையது? கொம்யூன் என்கிற சட்ட நபருடையதா, அந்த ஊரில் அடுப்பெரிக்கிற குடும்பங்களுடையதா? கேட்பதற்கு வக்கீல்களின் வீண் வாதம் போலத் தோன்றும். ஆனால் விற்பதா வேண்டாமா என்று வரும்போது எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் போய் நிற்கிறது.

புரட்சிக்காலத்தில் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். 1793 ஜூன் 10ஆம் தேதிச் சட்டம், காடுகள் நீங்கலாக, ஊர்ப் பொது நிலத்தை ஊரார் விரும்பினால் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றது. ஆண், பெண், தொட்டில் குழந்தை, வீட்டு வேலைக்காரர், குத்தகைக்காரர் எல்லாருக்கும் ஒரே பங்கு. வெளியூரில் வசிக்கும் நிலக்கிழாருக்குப் பங்கே இல்லை. முடிவெடுப்பது மன்றம் அல்ல, ஊர்க்கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கூட வேண்டும்; 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம்; மூன்றில் ஒரு பங்கு வாக்கு பிரிக்கச் சொன்னால் பிரிக்க வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை தர பிரான்ஸ் 1944 வரை இழுத்தடித்தது என்பதை நினைத்தால், ஒரு மேய்ச்சல் தரைக்காக 1793இலேயே அவர்களைக் கூப்பிட்டு வாக்குக் கேட்டது ஆச்சரியம்தான். ஆனால் மூன்றாண்டு கழித்து, 1796இல், அந்தப் பிரிவினையை நிறுத்திவைத்தார்கள்.

அடுத்தவர் நெப்போலியன். அவர் ஊரையும் கேட்கவில்லை, மன்றத்தையும் கேட்கவில்லை. ருஷ்யப் படையெடுப்பில் கஜானா காலியானதும், 1813 மார்ச் 20ஆம் தேதிச் சட்டத்தால் கொம்யூன்கள் வாடகைக்கும் குத்தகைக்கும் விட்டிருந்த சொத்தை எடுத்து விற்கத் தொடங்கினார். பதிலுக்கு அந்த வருமானத்துக்கு ஈடாக அரசுப் பத்திரம். காடுகளையும், ஊரார் பொதுவில் அனுபவித்துவந்த மேய்ச்சல் நிலங்களையும், சந்தை, உலாவும் இடம் போன்றவற்றையும் தொடவில்லை. அவர் வீழ்ந்த பின் 1816இல், விற்காமல் மிஞ்சியது கொம்யூன்களுக்கே திரும்பியது. ஆக மாமா தொடாமல் விட்டது மேய்ச்சல் நிலம். மருமகன் வேறு விதம். அண்ணன் தம்பி மக்கள் கணக்கில் சொன்னால், பெரியப்பா விட்டதை மகன் முறை மூன்றாம் நெப்போலியன் பிடித்துக்கொண்டார்.

இனி லாந்துக்கு வருவோம். போர்தோவுக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலை ஒட்டிப் பரந்த மணல்வெளி அது. மணலுக்குக் கொஞ்சம் கீழே அலியோஸ் என்கிற கெட்டியான படிவம். தண்ணீர் இறங்காது. மழைக்காலத்தில் எங்கும் நீர் தேங்கும், கோடையில் காய்ந்து கிடக்கும். அந்தச் சகதியில் நடக்கவும், தொலைவில் மேயும் ஆட்டைக் கண்ணில் வைக்கவும்தான் கட்டைக்கால். எங்கள் புத்தகம் சொல்லாமல் விட்டது, ஆடு எதற்கு என்பதை. இறைச்சியும் ரோமமும் இருக்கட்டும், முக்கியம் எரு. அந்த வெறும் மணலில் ரை என்னும் தானியம் விளைய வேண்டுமென்றால் பட்டியில் சேரும் ஆட்டெரு வேண்டும். நம் வயல்களில் கிடை போட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு துண்டு வயலுக்கு எருக் கொடுக்க அதைப்போலப் பல மடங்கு மேய்ச்சல் தேவை. அந்த மேய்ச்சல் வெளிதான் கொம்யூனின் பொது நிலம். பட்டணத்து அதிகாரிகளின் கண்ணுக்கு அது தரிசு.

தரிசாகத் தெரிந்ததற்கு அவர்கள் பக்க நியாயமும் இருந்தது. தேங்கிய நீரால் காய்ச்சல், சோளத்தையே தின்று வாழ்ந்ததால் பெல்லாக்ரா என்கிற தோல் நோய். மக்கள் நலிந்துதான் கிடந்தார்கள். ழூல் ஷாம்பிரெலான் என்ற பொறியாளர் 1849இல் போர்தோவுக்கு அருகே நிலம் வாங்கி, வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, பைன் விதைத்துக் காட்டினார். மரம் வளர்ந்தது. 1855க்குள் ரயிலும் போர்தோவிலிருந்து பயோன் வரை போய்விட்டது. மூன்றாம் நெப்போலியனுக்கு வேறென்ன வேண்டும்?

1857 ஜூன் 19ஆம் தேதிச் சட்டம் இப்படிச் சொன்னது: லாந்த், ழிரோந்த் ஆகிய இரண்டு மாவட்டங்களில் ஆடு மேயும் கொம்யூன் நிலங்களில் நீரை வடித்து மரம் நட வேண்டும். செலவு கொம்யூனுடையது. முடியாது என்றாலோ மறுத்தாலோ அரசே செய்யும்; போட்ட முதலையும் வட்டியையும் மர வருமானத்தில் எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் நடக்கூடாது என்றும் ஒரு வரம்பு, மேய்ச்சல் ஒரே நாளில் போய்விடாதிருக்க.

கவனியுங்கள், விற்றே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விற்றது மன்றங்கள். தொடக்கத்தில் பல ஊர்கள் முரண்டு பிடித்தன. ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாருங்கள். வாய்க்காலுக்குக் கையில் காசில்லை. அரசு செய்தால் கடன், எப்போது தீரும் என்று தெரியாது. ஒரு பகுதியை விற்றால் மிச்சத்தில் மரம் நடலாம், பள்ளிக்கூடம் கட்டலாம், கோவிலைப் புதுப்பிக்கலாம். மேரோ அப்போது மேலிடத்து நியமனம். 1855 சட்டப்படி மன்ற உறுப்பினராகக்கூட அவர் இருக்க வேண்டியதில்லை. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க இடையனுக்கும் வாக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் அவன் யாருடைய ஆட்டை மேய்த்தானோ, யாருடைய வாரத்தில் குடியிருந்தானோ, அவரே பெரும்பாலும் உறுப்பினர். ஏலத்தில் வாங்குகிறவரும் சில இடங்களில் அவரே.

வாங்கியவர்களில் போர்தோ வியாபாரிகள் உண்டு, ரயில் முதலாளி பெரெய்ர் உண்டு, பேரரசரே உண்டு. ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேல் வாங்கித் தமக்கென்று ஒரு பண்ணையை உண்டாக்கினார். 1863இல் அது சோல்ஃபெரினோ என்ற தனிக் கொம்யூன் ஆயிற்று, அவர் 1859இல் வென்ற போரின் பெயரில். ஊர்ப் பொது நிலத்தை விற்கவைக்கும் சட்டத்தைப் போட்டவரே முதல் வரிசையில் நின்று வாங்கியதைக் குமாஸ்தாவாக இருந்த எனக்கு ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் காகிதத்தில் பிழை காண முடியாது. தீர்மானம், மேலிட ஒப்புதல், நொத்தேர் பத்திரம் எல்லாம் ஒழுங்கு. நான் பார்த்த கோப்புகளிலும் அப்படித்தான். பொதுச் சொத்து கைமாறும் கோப்பில் எல்லாக் கையெழுத்தும் இருக்கும், அதைப் பயன்படுத்தி வந்தவன் பெயர் மட்டும் எங்கும் வராது. இடையனிடம் காட்ட என்ன பத்திரம் இருந்தது? பாட்டன் மேய்த்தான், அப்பன் மேய்த்தான், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்து பைன் பிசின் வரத்து நின்று, லாந்துப் பிசின் விலை ஏறியது. விற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். விற்காமல் வைத்திருந்த கொம்யூன்கள் அந்தக் காட்டு வருமானத்தில் நெடுங்காலம் செழித்தன. சில இடங்களில் இளம் பைன் கன்றுகள் தீப்பிடித்தன. பழி இடையர்கள் மேல் விழுந்தது. பட்டிகள் காலியாயின. இடையனின் மகன் கைக்கோடாலியுடன் மரம் மரமாகப் பிசின் இறக்கப் போனான், விளைச்சலில் பங்குக்கு. அந்தப் பங்கு போதாது என்று 1906, 1907இல் பிசின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

காய்ச்சல் குறைந்தது, பெல்லாக்ரா ஒழிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நோயைத் தீர்த்தது வாய்க்காலும் நல்ல சோறும். அதற்கு நிலம் கைமாற வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் எனக்கு இன்றும் பிடிபடாதது.

லபுவேர் ஊர்க்காரர் ஃபெலிக்ஸ் அர்னொதேன் (1844–1921) புகைப்படப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மறைந்துகொண்டிருந்த அந்த வெளியையும் கடைசி இடையர்களையும் படம் பிடித்தார், பாட்டும் கதையும் திரட்டினார். எங்கள் புத்தகத்துப் படமும் அவருடையதோ என்னவோ. 1891இல் அர்க்கஷோனைச் சேர்ந்த சில்வேன் தோர்னோன் என்ற ரொட்டிக் கடைக்காரர் கட்டைக்காலிலேயே பாரிசிலிருந்து மாஸ்கோவுக்கு 58 நாளில் நடந்து போனார். வழியெல்லாம் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. இன்று சோல்ஃபெரினோவுக்குப் பக்கத்தில், சாப்ர் கொம்யூனில், மார்க்கேஸ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ரயிலில் ஏற்றிக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். மரங்களை விலக்கிக் கொஞ்சம் வெளி வைத்திருக்கிறார்கள், ஆட்டுப்பட்டியும் உண்டு. பார்க்க நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.